போர்டோ கலவை விற்றவரின் மகன்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது. ஃப்ரீமான்ட்டில் வீடு, நல்ல சம்பளம், வருடத்துக்கு ஒருமுறை அலுவலகச் செலவில் பிரான்ஸ். சுற்றி வளைத்தால் கடைசிவரை சொல்லாமலே விட்டுவிடுவேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா இயற்கை விவசாயி என்று அமெரிக்காவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் தேனிப் பக்கம் ஓர் ஊரில் முப்பது வருடம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர்.

கம்பம் பள்ளத்தாக்கில் திரும்பிய பக்கமெல்லாம் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சைக்கு வராத நோய் கிடையாது. இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். விடிந்ததும் விவசாயிகள் இலையோடு கடை வாசலில் நிற்பார்கள். அப்பா இலையைத் திருப்பிப் பார்ப்பார், விரலால் தேய்த்துப் பார்ப்பார், பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வருவார். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் சட்டை, புத்தகப்பை, தலையணை எல்லாவற்றிலும் அந்த மருந்து வாடை இருந்தது. வகுப்புக்குள் நுழைந்தால் "மருந்து வந்துருச்சுடா, மூக்கப் பொத்துங்கடா" என்று பின்பெஞ்சிலிருந்து சத்தம் வரும். ஒருமுறை வாத்தியாரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தாலே எனக்கு ஆகாது. மதிய உணவு டப்பாவை அவர் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன்.

சென்னையில் கல்லூரி சேர்ந்தபோது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் அக்ரி பிசினஸ் என்றேன். அமெரிக்கா வந்ததும் அது ஃபார்மிங் ஆனது. இங்கே யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. ஃபார்மிங் என்று சொன்னால் முகத்தில் ஒரு கனிவு வரும், பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அந்தக் கனிவு எனக்குப் பிடித்திருந்தது.

பதினான்கு வருடம் சிப் தயாரிக்கும் நிறுவனத்தில் இருந்தேன். ஒருநாள் காலை மின்னஞ்சலில் ஆள்குறைப்பு. நாலு மாதம் வீட்டில் இருந்த பிறகு ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்காணல் கிடைத்தது. திராட்சைத் தோட்டங்களில் கருவிகளைத் தொங்கவிட்டு, இலையில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்றெல்லாம் அளப்பது அவர்கள் வேலை. அளந்து, நோய் வருமா வராதா என்று கணித்து, இன்றைக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை என்று விவசாயியின் ஃபோனுக்குச் செய்தி அனுப்புவார்கள். மேனேஜர் என்னிடம் கேட்டார், சிப்பை விட்டுவிட்டு ஏன் திராட்சைக்கு வருகிறாய் என்று. வீட்டுக்கடன் நினைவுக்கு வந்தது. வாய் தானாகப் பேசியது. தலைமுறை தலைமுறையாகத் திராட்சை விவசாயம், அப்பா ஒரு சொட்டு ரசாயனம் மண்ணில் விட்டதில்லை, மாட்டுச் சாணமும் கோமியமும்தான் என்று. பஞ்சகவ்யம் என்ற சொல்லை முந்தின நாள் யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் வேலை.

அதன் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அலுவலகக் கூட்டங்களில் இணையத்தில் எடுத்த நாட்டுமாட்டுப் படம் ஒன்றைப் போட்டுப் பேசினேன். தீபாவளி விருந்துகளில் நண்பர்கள் தட்டோடு நின்று "நம்ம முப்பாட்டன் பண்ணதத்தான் சார் இவனுங்க இப்போ கண்டுபிடிச்சிருக்கானுங்க" என்று சொல்வார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். என் முப்பாட்டன் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அப்பா என்ன செய்தார் என்று நன்றாகத் தெரியும்.

இப்படித்தான் அந்தப் பிரெஞ்சுத் தோட்டம் என் பொறுப்பில் வந்தது. போர்டோ பக்கத்தில், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பிருந்தே ஒயின் செய்யும் பழைய எஸ்டேட். பெயர் வேண்டாம். இயற்கை முறையை மனதார நம்புகிற ஆளைத்தான் அனுப்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களாம். மேனேஜர் என்னைக் கைகாட்டினார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அந்தக் குடும்பத்துப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், குட்டை முடி, கையெல்லாம் கீறல். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவோம். முதல் தடவை நேரில் போனபோது இரண்டு நாள் என்னை நடக்கவைத்தே கொன்றார்.

அவர்கள் களைக்கொல்லியை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. கொடி வரிசைகளுக்கு நடுவே புல்லும் அவரைச் செடியும் வளர்கின்றன. குளிர்காலத்தில் அதை மேய ஆடுகள் வருகின்றன. டிராக்டர் மண்ணை இறுக்கிவிடுகிறது என்று பழைய மேட்டு நிலத்தைக் குதிரை வைத்து உழுகிறார்கள். திராட்சையைக் கெடுக்கும் அந்துப்பூச்சிகளைத் தின்ன வௌவால்களுக்கு மரப்பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் புதைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கிறார்கள். கண்ணாடி உருக்க ஆகும் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பாட்டிலைக்கூட மெலிதாக்கிவிட்டார்கள். பார்த்தால் ஒயின் கௌரவமாகத் தெரியவில்லை என்று சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்களாம். அந்தம்மா அதைச் சொல்லிச் சிரித்தார்.

இதெல்லாம் எந்தத் தோட்டத்திலும் சொல்வார்கள். அந்தம்மா அதோடு நிற்கவில்லை. தோட்டத்தின் ஒரு மூலைக்கு அழைத்துப் போனார், மண்ணைத் தோண்டிக் காட்டினார். மண்புழு ஒன்றுகூட இல்லை. பூஞ்சை நோய்க்காகத் தாத்தா காலத்திலிருந்து அடித்த தாமிரம் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டது என்றார். இயற்கை விவசாயத்திலும் தாமிரம் அனுமதிக்கப்பட்ட மருந்துதான், அதையும் குறைக்கத்தான் உங்கள் கருவி எனக்கு வேண்டும் என்றார். பிறகு ஃபோனில் ஒரு பழைய படம் காட்டினார். அவருடைய அப்பா முகமூடி இல்லாமல் டிராக்டரில் உட்கார்ந்து மருந்து அடிக்கிறார், பின்னால் வெள்ளைப் புகை. "அவர் செய்ததில்தான் நான் படித்தேன். இங்கே வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். இது எங்கள் வெட்கம்" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு வாய்த்தது போல யாருக்கும் வாய்க்காது. என் அப்பாவும் இதைத்தான் செய்தார் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்தப் புழு இல்லாத மண்ணில் நின்றுகொண்டு நான் சொன்னது வேறு: "எங்கள் வீட்டில் அந்தத் தவறு நடக்கவில்லை. அப்பா கடைசிவரை பசுவைத்தான் நம்பினார்." அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பொறாமைகூட இருந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

என் அம்மா இறந்த பிறகு அப்பா ஊரில் தனியாக இருந்தார். ஆறு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று விசிட்டர் விசாவில் கூட்டிவந்தோம். மார்ச் மாதம் அந்தப் பெண்மணி கலிஃபோர்னியா வந்தார். லிவர்மோரில் எங்கள் நிறுவனம் ஒரு சோதனைத் தோட்டம் வைத்திருக்கிறது. அங்கே சனிக்கிழமை எல்லாரும் குடும்பத்தோடு வரலாம் என்று ஏற்பாடு. அவர் முன்கூட்டியே எழுதிவிட்டார், உன் அப்பா அங்கேதான் இருக்கிறாராமே, அவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று. மேனேஜர்தான் சொல்லியிருக்கிறார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஒரு தைரியம் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்தானே இருக்கப்போகிறேன்.

அப்பா காலையிலேயே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் கிளம்பினாள். கார் ஓட்டிப் பழகும் பெர்மிட் அப்போதுதான் கிடைத்திருந்தது, எங்கே போனாலும் அவள்தான் ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள். காரில் போகும்போது அப்பா கேட்டார்.

"அந்தம்மா எந்த ஊருன்னு சொன்ன?"

"போர்டோப்பா. பிரான்ஸ்ல."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"போர்டோ கலவை போர்டோ கலவைன்னு முப்பது வருசமா வித்துருக்கேன். அது ஒரு ஊரு பேருன்னு இன்னைக்குத்தேன்ப்பா தெரியுது. மயில்துத்தமும் சுண்ணாம்பும். எவனோ பேரு வச்சிருக்கான்னு நெனச்சேன்."

கடையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும், அல்லது நான் செய்த காரியத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

தோட்டத்தில் கொடிகள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. வாடகைக்குக் கொண்டுவந்த ஆடுகள் வரிசைகளுக்குள் மேய்ந்தன. அந்தப் பெண்மணி தூரத்திலிருந்தே அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அப்பா கும்பிட்டார், பிறகு கையும் கொடுத்தார். மேசையில் ஒயின் வைத்திருந்தார்கள். அப்பா குடிக்கமாட்டார். ஆனால் மரியாதைக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"கொட்டைத் துவர்ப்பு தெரியுதுப்பா. கொட்டையோட ஊற வப்பாகளோ?"

மொழிபெயர்த்தேன். அந்தம்மா கைதட்டிவிட்டார். அதைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுக்கிறோம் என்றார். அப்பாவுக்குக் கூச்சம் போய்விட்டது. போர்டோ கலவையில் கத்தியை முக்கி எடுத்துப் பார்ப்பார்களா, செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம், உங்கள் ஊரிலும் அப்படித்தானா என்று கேட்டார். கார்ச் சாவியை என்னிடமிருந்து வாங்கி முக்கி எடுப்பதுபோலச் செய்து காட்டினார். அந்தம்மா அதே சாவியை வாங்கி அதே மாதிரி செய்து, தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். என் தாத்தா இப்படித்தான் பார்ப்பார் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான் எதையும் மாற்றவில்லை. மயில்துத்தம் என்பது தாமிரம்தான், தாமிரம் இயற்கை விவசாயத்தில் உண்டு, என் பொய்க்கு ஆபத்தில்லை என்பதால்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா என் கையைப் பிடித்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்ப்பா. அப்படியே சொல்லு அவுககிட்ட."

"சொல்லுங்கப்பா."

"நான் நல்லதும் வித்துருக்கேன், கெட்டதும் வித்துருக்கேன். செவப்பு முக்கோணம் போட்ட டப்பா வரும். கொடும் வெசம். உங்க கொடி இடுப்பு ஒசரந்தேன் இருக்கு. எங்க ஊர்ல பந்தல். கீழ நின்னு அண்ணாந்து பாத்து அடிக்கணும். மூஞ்சிலதேன் விழும். கையுறை, முகமூடி வாங்கி வச்சு சும்மாவே குடுத்தேன். வேர்க்குதுன்னு ஒருத்தனும் போடல. நானும் விட்டுட்டேன். போடலேன்னா மருந்து தரமாட்டேன்னு சொல்லிருக்கலாம்ல? சொல்லல. ஒருநா, கூலிக்கு மருந்து அடிக்கிற பய, பந்தலுக்குக் கீழயே விழுந்துட்டான். நான்தேன் மொபெட்டுல ஒக்கார வச்சு, அவன் துண்டாலயே என் இடுப்போட கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன்..."

இதை நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பா நிறுத்தவில்லை, தொடர்ந்து பேசினார், குரல் இறங்கிக்கொண்டே போனது. அந்தம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் காதில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது, மேனேஜர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. அப்பா பேசி முடித்து என்னைப் பார்த்தார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: "எங்கள் ஊரில் திராட்சையைப் பந்தலில் வளர்க்கிறோம். ரசாயனம் தெளித்தால் வேலை செய்பவர்களின் முகத்தில் விழும். அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவர் மயங்கி விழுந்ததை அப்பா பார்த்திருக்கிறார். மனிதர்களின் உடல்நலம் அவருக்கு முக்கியம். அதனால்தான் அவர் இயற்கை வழியைத் தேர்ந்தெடுத்தார்."

மறைத்ததோடு நின்றிருந்தால் கோழைத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் நெஞ்சைக் கிழித்து வைத்ததை எடுத்து என் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வாக்கியங்கள் ஆங்கிலத்தில் அப்படியே மனப்பாடமாக இருக்கின்றன. காரில் தனியாகப் போகும்போது சில நாள் அவை தாமாக ஓடும். சத்தமாக ரேடியோ வைத்துக்கொள்வேன்.

அந்தம்மா நெகிழ்ந்துபோனார். என்னை விட்டுவிட்டு நேராக அப்பாவிடமே, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார், ஒருபோதும் பெஸ்டிசைட் பயன்படுத்தியதில்லையா என்று.

இங்கேதான் நான் கணக்குப் போட மறந்த ஒன்று இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் பெஸ்டிசைட், ஃபங்கிசைட், டீலர், லைசென்ஸ், ஆர்கானிக், எக்ஸ்பயரி, இந்தச் சொற்களோடுதான் அவர் முப்பது வருடம் குடும்பம் நடத்தினார். அமெரிக்காவில் அவருக்குப் புரியக்கூடிய ஆங்கிலம் என்று ஒரு கைப்பிடி இருந்தால், அது முழுக்க அந்தத் தோட்டத்தில் அன்றைக்குப் பேசப்பட்ட ஆங்கிலம்தான்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. மதிய உணவு டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடிய என்னையும் அவர் இப்படித்தான் பார்த்திருப்பார், நான் திரும்பிப் பார்த்ததில்லை என்பதால் தெரியாது. பிறகு அந்தம்மா பக்கம் திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, கடைக்கு வரும் இன்ஸ்பெக்டரிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"நோ மேடம். நோ பெஸ்டிசைட்."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். காலாவதியான சரக்கை விற்காமல் தீயில் போட்டு எரித்தவர், இந்த மருந்து உனக்குத் தேவையில்லை போடா என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியவர். அறுபத்தெட்டு வயதில், தெரியாத நாட்டில், தெரியாத மொழியில் அவரைப் பொய் சொல்ல வைத்தேன். அந்தம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். மேனேஜர் படம் எடுத்தார்.

திரும்பும்போதும் மகள்தான் ஓட்டினாள். ஃப்ரீவேயில் வேகத்தைக் குறை, லேன் மாறு என்று நான் சொன்னதையெல்லாம் ரோட்டைப் பார்த்தபடியே செய்தாள். வீட்டு கராஜில் நிறுத்தி, அப்பா இறங்கி உள்ளே போகும்வரை ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். அவளுக்கு நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"டாட், தட்ஸ் நாட் வாட் ஹி செட்" என்றாள்.

"உனக்கு ஆபீஸ் விஷயம் புரியாதும்மா" என்றேன். அவள் சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காய்கறி வாங்க அப்பாவும் நானும் மோரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போனோம். அப்பா வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பையை நான் விரித்துப் பிடித்திருந்தேன். குனிந்தவாக்கிலேயே கேட்டார்.

"நான் அம்புட்டு நேரம் சொன்னேன். நீ சொன்னதுல பெஸ்டிசைடுங்கிற வார்த்தையே வரலையேப்பா."

"அப்பா..."

"ஒன் வேலைக்கு எடைஞ்சலா இருக்கும்னுதேன் நானும் இல்லைன்னுட்டேன். சரியாத்தான சொன்னேன்?"

வெண்டைக்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு ஆண்ட்டி பாகற்காயை எடுக்க வழி விடச் சொன்னார், விட்டேன். ஆமாம்ப்பா என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அவருக்கு மார்க் போட்டேன். அப்பா இன்னும் நாலு காய் ஒடித்துப் பார்த்துவிட்டு, "முத்தல்தேன் நெறையா இருக்கு" என்று நகர்ந்தார்.

ஜூலையில் அப்பா ஊருக்குத் திரும்பினார். இருந்த மாதங்களில் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. விமான நிலையத்தில் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அறுவடை முடிந்த பிறகு பிரான்ஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புழு இல்லாத அந்த நிலத்தின் ஓரம் வருகிறவர்கள் படிக்க ஒரு பலகை வைக்கப்போகிறார்களாம். தன் அப்பா மருந்து அடிக்கும் படத்தையும், பக்கத்தில் என் அப்பாவின் படத்தையும் போட வேண்டும் என்று எழுதியிருந்தார் அந்தம்மா. இந்தியாவின் தென்கோடியில், மண்ணுக்கு ஒருநாளும் விஷம் வைக்காத ஒரு திராட்சை விவசாயி என்று ஒரு வரி. அனுமதி வேண்டும், உன் அப்பாவிடம் கேட்டுச் சொல் என்று முடித்திருந்தார்.

அந்தப் பலகையைக் கற்பனை செய்து பார்த்தேன். மகள் உள்ளபடி காட்டுகிற ஓர் அப்பாவின் பக்கத்தில் என் அப்பாவைப் பொய்யனாக நிறுத்தி வைப்பார்கள். நான் கட்டிய பொய்க்கு அவர் முகம். மூன்று நாள் பதில் எழுதவில்லை. நாலாவது நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். கடை, முப்பது வருடம், நேர்காணல், யூடியூப், சிவப்பு முக்கோணம், கையுறை, மொபெட், துண்டால் கட்டியது. அன்றைக்கு அவர் உங்களிடம் சொன்னது இதுதான், நான்தான் மாற்றினேன் என்றும் எழுதினேன். அனுப்பிய கையோடு மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். "இன்டர்வியூவில் எல்லாரும் கொஞ்சம் மெருகேற்றத்தான் செய்வோம்" என்று சிரித்துவிட்டு அவர் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிரான்ஸிலிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. திட்டு எதிர்பார்த்தேன். நாலு வரிதான் இருந்தது. உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு, அதைப் பிறகு பேசலாம். உன் அப்பா பேசியபோது அவர் முகத்தில் பார்த்தது நீ சொன்ன சொற்களோடு பொருந்தவில்லை, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அவர் அவ்வளவு சிரமப்பட்டு எனக்காகச் சொன்னதை முழுதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?

நான் எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். துண்டால் கட்டி மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்பதோடு நின்றிருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அப்பா சொன்னார். பக்கத்தில் நின்றேன். கேட்கவில்லை.

அப்பாவை ஃபோனில் கூப்பிட்டேன். அங்கே காலை, பின்னால் பால்காரன் மணி கேட்டது. அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். "அப்படியா, நல்லது" என்றார். பலகையைப் பற்றிச் சொன்னேன், அந்தம்மா கேட்டிருக்கும் கேள்வியைச் சொன்னேன்.

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனேப்பா."

"சொன்னீங்கப்பா. நான்தான் சரியா..."

"தெரியும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "ஒங்கம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல. அதச் சொல்றதுக்கு எனக்கு இத்தன வருசம் ஆச்சு. இன்னொருக்கச் சொல்ல முடியாதுப்பா. அங்க குளுரு ஆரம்பிச்சிருச்சா? பாப்பா நல்லாப் படிக்கிதா?"

குளிர் ஆரம்பித்துவிட்டது என்றேன். நன்றாகப் படிக்கிறாள் என்றேன்.

மகள் சாப்பாட்டு மேசையில் வேதியியல் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். காதிலிருந்ததைக் கழற்றினாள். லிவர்மோரில் அன்றைக்குத் தாத்தா சொன்ன ஆள், மருந்து அடித்து மயங்கி விழுந்தவர், அவருக்கு என்ன ஆயிற்று என்று தாத்தா சொன்னாரா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். எப்போதும் ஆங்கிலத்தில் வரும் பதில் அன்று தமிழில் வந்தது, தாத்தாவின் சொற்களைத் தேடித் தேடி எடுத்து வைப்பதுபோல மெதுவாக.

"மூணாம் நாள் செத்துட்டாருன்னு சொன்னாங்க. அவருக்கு ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணு. அதோட படிப்புக்குத் தாத்தாதான் எல்லாம் பண்ணாங்க. அந்தப் பொண்ணு இப்பவும் தாத்தாவ அப்பான்னுதான் கூப்பிடுமாம். அதச் சொல்லும்போது தாத்தா அழுதாங்க." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க, டாட்?"